கணக்குப்பிள்ளை பதில்கள்: மான் குறைந்ததா, புல் குறைந்ததா?

(மேற்கு மொரீசியஸின் மலைச்சரிவில் உள்ள தனியார் வேட்டைக்காடு ஒன்றில் பல்லாண்டு காலம் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர் இந்தப் பகுதியை எழுதுகிறார். வேட்டைப் பருவம் நடந்துகொண்டிருப்பதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மானைப் பற்றியே.)

ஐயா, என் அப்பா காலத்தில் பத்தியூ என்ற விரட்டு வேட்டை தொடங்கி அரை மணி நேரத்துக்குள், சுடுகிறவர் ஏறி உட்காரும் மிராதோர் மேடைக்குக் கீழே மான் மந்தை மந்தையாக ஓடும். இப்போது காலை முழுவதும் துப்பாக்கியோடு காத்திருந்தாலும் இரண்டு மூன்று கண்ணில் பட்டால் பெரிது. இந்த ஆண்டு எங்கள் குழு இத்தனை மான்தான் சுடலாம் என்ற வரம்பையும் குறைத்துவிட்டார்கள். மான் குறைந்திருக்கிறது, சரி என்று ஒப்புக்கொண்டோம். ஆனால் குறைத்த வரம்பிலும் பாதிக்கு மேல் பெட்டையாக இருக்க வேண்டும், நல்ல கலைமானைத் தொடக் கூடாது என்கிறார் மேலாளர். மான் குறைந்திருக்கும்போது தாயைச் சுடச் சொல்வது என்ன நியாயம்? சந்தா கட்டுவது நாங்கள், கொம்பு மட்டும் வேறு யாருக்கோவா?
– வேட்டைக் குழு உறுப்பினர், வாக்வா

கடைசி வரியில் இருக்கிற கோபம் எனக்குப் பழக்கமானது. சந்தாப் பேரேடும் என் மேசையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் மான்.

பத்தியூவில் கண்ணில் படவில்லை என்பதை வைத்து மான் குறைந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் அப்பா ஏறி உட்கார்ந்த மிராதோரின் கீழே அன்று புல்வெளி இருந்திருக்கும். இன்று அங்கே என்ன இருக்கிறது என்று இறங்கிப் பாருங்கள். பெரும்பாலும் சீனக் கொய்யாப் புதராக இருக்கும். நாம் எல்லோரும் பை நிறையப் பறித்து வந்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்கிறோமே, அதே கோயாவியேதான். ஆள் நுழைய முடியாத அளவுக்கு நெருங்கி வளரும்; நாய்கூடத் தயங்கும். மான் அதற்குள் படுத்துக்கொண்டால் விரட்டுகிறவர்கள் பத்தடி தள்ளிக் கூச்சலிட்டுக்கொண்டு போனாலும் எழுந்திருக்காது. ஜூனில் முதல் விரட்டுக்கு ஓடிய மந்தை ஜூலையில் அப்படி ஓடாது. காலையில் லாரிச் சத்தம் கேட்டால் அன்றைக்கு அசையக் கூடாது என்பதைக் கிழப் பெட்டைகள் சீக்கிரமே கற்றுக்கொள்கின்றன. மந்தையை நடத்துவது அவைதான். கொம்பு வைத்திருப்பவர் பின்னால் போகிறவர்தான். இருட்டிய பிறகு எழுந்து வந்து மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் புதருக்குத் திரும்பிவிடும்.

இதனால் உங்கள் குழு சொல்வது பொய் என்று ஆகிவிடாது. உண்மையாகவே குறைந்தும் இருக்கலாம். அதை அறிய மிராதோர் ஏற்ற இடமில்லை என்று மட்டும் சொல்கிறேன். கொட்டகைக்கு வாருங்கள்.

மானைக் கொக்கியில் மாட்டி வயிற்றைத் திறந்ததும் வேட்டைக்காரர்கள் கோப்பையைத் தேடி வெளியே போய்விடுவார்கள். கணக்குப்பிள்ளைக்கு அப்போதுதான் வேலை தொடங்கும். முதலில் சிறுநீரகம். வயிறாரத் தின்ற பெட்டையின் சிறுநீரகம் எடுத்த எடுப்பில் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். விரலால் பிளந்துதான் தேட வேண்டும். தீனி போதாத மானில் அதே சிறுநீரகம் கருஞ்சிவப்பாகப் பளபளவென்று வெறுமையாகத் தொங்கும். இதில் கலைமானை நம்பக் கூடாது. இணைசேரும் காலத்தில் அது தீனியை மறந்து, கொம்பில் புல்லும் கொடியுமாகச் சுற்றிக்கொண்டு பெட்டைக்குப் பின்னாலேயே அலையும். எவ்வளவு நல்ல ஆண்டாக இருந்தாலும் ஆகஸ்ட் முடிவில் அதன் உடம்பில் கொழுப்பு இருக்காது.

அடுத்தது மடி. காம்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், பால் வருகிறதா என்று. நம் ஊர் மான் ஏறக்குறைய எட்டு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். ஜூன், ஜூலையில் கொக்கிக்கு வரும் வளர்ந்த பெட்டைகளில் பத்துக்கு எத்தனையின் மடியில் பால் இருக்கிறது? அந்த ஆண்டில் எத்தனை குட்டி பிழைத்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி காட்டில் கிடைக்காது. மடி வற்றிய பெட்டை, ஒன்று சினையே பிடிக்கவில்லை, அல்லது ஈன்ற குட்டியைப் பறிகொடுத்துவிட்டது.

கடைசியில் கீழ்த்தாடை. ஆடு மாட்டைப் போலவே மானுக்கும் மேலே முன்பல் கிடையாது. வயதைச் சொல்வது கீழே இருக்கும் கடைவாய்ப் பற்கள். இளம் மானில் பல்லின் வெள்ளை விளிம்பு கூராக நிற்கும். நடுவே ஓடும் பழுப்புக் கோடு மெல்லியதாக இருக்கும். வயதாக ஆக வெள்ளை தேய்ந்து பழுப்பு அகலும். கிழப் பெட்டையின் பல் வழவழவென்று குழிந்து போயிருக்கும். எடையை மட்டும் எழுதி வைத்தால் பயனில்லை. ஐம்பது கிலோ என்பது எந்த வயதுக்கு என்று தெரிய வேண்டும். இரண்டு வயதுப் பெட்டைகள் ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே வருகின்றனவா என்பதைத் தராசும் தாடையும் சேர்ந்துதான் சொல்லும்.

இனி உங்கள் கேள்வி. கொழுப்பு இல்லை, மடி வற்றியிருக்கிறது, எடை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது என்றால், அந்தக் காட்டில் மானுக்குக் குறைவில்லை, புல்லுக்குத்தான் குறைவு. நூறு இலை போடும் பந்தியில் நூற்றைம்பது பேரை உட்கார வைத்தால், ஏழு கறி சமைத்திருந்தாலும் ஒருவர் வயிறும் நிறையாது. அந்த நிலைமையில் பெட்டையைக் குறைத்தே ஆக வேண்டும். நம் தீவில் புலி இல்லை, செந்நாய் இல்லை. நாம் எடுக்காததை 1999இல் வந்ததைப் போன்ற வறட்சி எடுத்துக்கொள்ளும். வறட்சி வரம்பு பார்த்து எடுக்காது. குட்டியும் சினையுமாக வாரிக்கொண்டு போகும். இது உங்கள் காட்டின் நிலைமையாக இருந்தால் மேலாளர் சொல்வது சரி. பெட்டையைச் சுடுங்கள். மனம் சங்கடப்படும்தான். இன்னும் ஒன்று: இப்படிப்பட்ட காட்டில் மொத்த வரம்பைக் குறைப்பதுதான் தப்பு. அதைக் கூட்ட வேண்டும்.

மாறாக, சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது, பத்தில் எட்டு மடியில் பால் இருக்கிறது, இளம் பெட்டைகளின் எடை இறங்கவில்லை, இருந்தும் மான் குறைகிறது என்றால், பிறப்பதில் குறையில்லை. பிறந்தது வேறு வழியில் போகிறது. தெருநாய்க் கூட்டம் குட்டிகளைக் கடித்துக் குதறும். கம்பிச் சுருக்கு இருக்கிறது. இரவில் விளக்கடித்துச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். புயலில் சாய்ந்த வேலியைச் சரி செய்யாமல் விட்ட சாசேக்களும், அதாவது வேட்டைக்காடுகளும், உண்டு. அப்போது பெட்டையைச் சுடச் சொல்வது, ஓட்டைப் பானையில் இருக்கிற தண்ணீரையும் மொண்டு ஊற்றுகிற வேலை. வரம்பைக் குறைக்க வேண்டும், அதிலும் பெட்டைக்கான பங்கைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

ஆக, காட்டில் மான் தென்படவில்லை என்ற ஒரே புகாருக்கு நேர் எதிரான இரண்டு மருந்துகள். எது வேண்டும் என்பது கொட்டகையில்தான் தெரியும்.

கலைமானைக் காப்பாற்றினால் மந்தை பெருகும் என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். நூறு பெட்டைக்கு ஆண்டுக்கு நூறு குட்டிக்கு மேல் பிறக்காது. அவற்றுக்கு நடுவே கலை அறுபது இருந்தாலும் முப்பது இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. பெட்டை அறுபதாக இறங்கினால் குட்டியும் அறுபதோடு நின்றுவிடும். அதனால் ‘இந்தப் பருவத்தில் மொத்தம் இத்தனை தலை’ என்று மட்டும் சொல்லும் வரம்பை நான் வரம்பாகவே எண்ணியதில்லை. அந்தத் தலையில் கொம்பு இருந்ததா இல்லையா என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி சந்தா. கொம்புக்காகவே கடல் கடந்து வந்து பணம் கட்டும் விருந்தாளிகள் உண்டு. அவர்களுக்காக நல்ல கலைமானை ஒதுக்கி வைக்கும் மேலாளர்களும் உண்டு. உங்கள் மேலாளர் அப்படிப்பட்டவரா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சண்டை போடாமல், ‘சென்ற பருவத்தில் பெட்டைகளில் எத்தனைக்கு மடியில் பால் இருந்தது?’ என்று கேளுங்கள். பேரேட்டைப் புரட்டிப் பதில் சொன்னால் அவர் சொற்படி நடந்துகொள்ளுங்கள். ‘அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?’ என்றால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

வேட்டைக்காரர்கள் மான் இல்லை என்று அழுகிறார்கள். அப்படியானால் என் கரும்பை இரவில் தின்றுவிட்டுப் போவது யார், முயலா?
– சிறு கரும்பு விவசாயி, சுயாக் பக்கம்

மான்தான். மேலே எழுதியதைப் படித்தால் விளங்கும். பகலில் இல்லாத மான் இரவில் இருக்கிறது. மறுதாம்புக் கரும்பு துளிர் விடும்போது அதற்கு இணையான தீனி காட்டுக்குள் கிடையாது.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் நம் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த உத்தரவாத விலையை 36 விழுக்காடு வெட்டியது. அதற்குப் பிறகு உங்களைப் போன்ற எத்தனையோ சிறு விவசாயிகள் கரும்பை விட்டுவிட்டார்கள். விட்ட நிலத்தில் புதர் ஏறிவிட்டது. முன்பு மான் காட்டிலிருந்து உங்கள் வயலுக்கு வெட்டவெளியைக் கடந்து வர வேண்டும். இப்போது அடுத்த வயலிலேயே குடியிருக்கிறது.

தின்ற இடத்தையும் தேதியையும் குறித்து வைத்து அருகில் உள்ள சாசேயின் மேலாளரிடம் கொண்டு போய்க் கொடுங்கள். மான் எங்கே இறங்குகிறது என்பது அவருக்கு வேண்டிய செய்தி. கம்பிச் சுருக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம் என்பதோடு, காலில் மாட்டிய மான் உங்கள் கரும்பைத் தின்ற மானாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து வீட்டு ஆடாகவும் இருக்கலாம். அப்புறம் அந்த வழக்கு வேறு.

சென்னையிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், சாப்பாட்டு மேசையில் மான் கறி என்று சொன்னதும் எழுந்துவிட்டார். சட்டப்படி குற்றம் என்றார். வள்ளியம்மையைப் பெற்றது மான், முருகனுக்குக் காவடி எடுக்கிறவர்கள் அதைத் தின்னலாமா என்றும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.
– வாசகி, திரியோலே

சட்டப்படி அவர் ஊரில் குற்றம்தான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைத் தொட்டால் சிறை. அந்தப் பயத்தில்தான் எழுந்திருப்பார், குறை சொல்ல வேண்டாம். நம் ஊரில் பருவம் உண்டு, உரிமம் உண்டு, பண்ணையும் உண்டு. பசு வேண்டாம் என்கிறவர்களும் பன்றி வேண்டாம் என்கிறவர்களும் ஒரே சட்டியில் கை வைக்கும் கறிகளில் இந்தத் தீவில் மான் கறியும் ஒன்று.

வள்ளி விஷயத்தில், பெற்றது மான் என்பதை நினைவில் வைத்திருக்கும் மைத்துனர், எடுத்து வளர்த்தது வேடர் குலம் என்பதை மறந்துவிட்டார். அவளைத் தேடி வந்த முருகனும் வேடன் வேஷத்தில்தான் வந்தான். காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் கறி வேண்டாம். மற்ற நாட்களில் மைத்துனருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வையுங்கள், நீங்கள் உங்கள் கறியைச் சாப்பிடுங்கள்.

வேட்டைக்காரர்கள் சொல்லும் கொம்பின் நீளத்தை நம்பலாமா?
– பெயர் வேண்டாம், குரீபீப்

அளவு நாடா பக்கத்தில் இருந்தால் நம்பலாம். மானின் தலையில் இருந்தபோது வளர்ந்ததைவிட விருந்து மேசையில் வேகமாக வளர்ந்த கொம்புகள் பல எனக்குத் தெரியும்.

என் மகன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்பவர்களோடு வேட்டைக்குப் போகிறானாம். அங்கும் மான் குறைந்துவிட்டது, அரசு பெட்டைக்கு அதிகமாக உரிமம் கொடுத்து அழித்துவிட்டது என்று சண்டை நடக்கிறதாம். இவ்வளவு பெரிய நாட்டிலும் இதே பேச்சா?
– வாசகர், கத்ர் போர்ன்

அந்தச் சண்டைக்கு உங்கள் மகன் சரியான ஊருக்குத்தான் போயிருக்கிறார். அமெரிக்காவில் வெள்ளைவால் மான் 1900ஆம் ஆண்டு வாக்கில் ஐந்து லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. தோலுக்கும் கறிக்கும் ஆண்டு முழுவதும் சுட்டுச் சந்தையில் விற்றதன் விளைவு. பிறகு விற்பனையைத் தடுத்தார்கள், பருவம் வகுத்தார்கள், பல மாநிலங்களில் பெட்டையைச் சுடுவதே குற்றம் என்று சட்டம் போட்டார்கள். மான் பெருகியது. இன்று மூன்று கோடி அளவில் இருக்கிறது.

சிக்கல் நடுவில் வந்தது. பெட்டையைத் தொடுவது பாவம் என்று இரண்டு தலைமுறைக்குச் சொல்லி வளர்த்துவிட்டு, பிறகு மான் மிஞ்சிப்போய்க் குளிர்காலத்தில் பட்டினியால் விழத் தொடங்கியதும் ‘இனிப் பெட்டையையும் சுடுங்கள்’ என்றால் யார் கேட்பார்கள்? விஸ்கான்சினில் 1943இல் கொம்பில்லாத மானையும் சுட அனுமதித்தார்கள். வேட்டைக்காரர்கள் அதற்கு ‘43ஆம் ஆண்டின் குற்றம்’ என்றே பெயர் வைத்தார்கள். அந்த மாநிலத்தின் பாதுகாப்பு ஆணையத்தில் அப்போது இருந்தவர் ஆல்டோ லியோபோல்ட். வனவிலங்கு மேலாண்மை என்ற துறைக்கே தந்தை என்று சொல்லப்படுகிறவர். அவரையும் விட்டுவைக்காமல் திட்டினார்கள். வாக்வாக்காரர் கடிதத்தை அவருக்கு அனுப்பியிருந்தால் புன்னகைத்திருப்பார்.

அதே நேரம், அங்கே வேட்டைக்காரர்கள் குறைந்தது என்று சொல்லும்போது உண்மையிலேயே குறைந்திருப்பதும் உண்டு. வயோமிங்கில் 2022–23 குளிர்காலத்தில் பனி உறைந்து கிடந்து மான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்த பருவத்துக்கான உரிமங்களை அரசே வெட்டியது. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கண்டுபிடித்த ஒரு மூளை நோய் இன்று பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. மான் மெலிந்து மெலிந்து சாகும், மருந்து கிடையாது. விஸ்கான்சினிலும் அது இருக்கிறது. சுட்ட மானின் கறியைச் சோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை சமைக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். அங்கே அதற்கு வசதி இருக்கிறது. இது மட்டும் தள்ளிப் போடக் கூடாத விஷயம்.

லிச்சியையும் மாம்பழத்தையும் தின்கிறது என்று வௌவாலைக் கொன்றார்கள். கரும்பையும் காட்டையும் தின்னும் மானுக்கு மட்டும் மூடுபருவம் வைத்துப் பாதுகாப்பு. இது என்ன நீதி, தாத்தா?
– மாணவி, மோக்கா

தாத்தா என்று கூப்பிட்டுவிட்டாய், மழுப்ப முடியாது. நீதி இல்லை அம்மா.

மனிதன் இந்தத் தீவில் கால் வைப்பதற்கு முன்பு இங்கே இருந்த பாலூட்டி வௌவால் மட்டுமே. காட்டு மரங்களின் விதையைக் கொண்டுபோய்த் தூவுவது அதுதான். 2015, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் அரசாங்கமே ஆள் வைத்து அதைச் சுட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் அதை அழிந்துவரும் இனம் என்ற பட்டியலுக்கு ஏற்றியது. மான் வந்தேறி. நம் மரங்கள் குளம்புள்ள விலங்கு எதையும் காணாமல் வளர்ந்தவை. அந்தக் காலத்தில் இங்கே மேய்ந்தது பெரிய ஆமை. அதனால் நம் மரக் கன்றுகளுக்கு மானைத் தாங்கத் தெரியாது. 1994இல் அமைத்த ரிவியேர் நுவார் தேசியப் பூங்காவுக்குப் போனால் வேலி போட்ட காட்டுத் துண்டுகளைக் காட்டுவார்கள். களை எடுத்த அந்த வேலிக்கு உள்ளே தரை முழுவதும் இளங்கன்று. வெளியே கொய்யாப் புதரும் குளம்படியும்.

மானுக்கு விலை இருக்கிறது, குத்தகை இருக்கிறது, சந்தா கட்டுகிறவர் இருக்கிறார். வௌவாலுக்கு யாரும் சந்தா கட்டுவதில்லை. மான் மிஞ்சும் இடத்தில் பெட்டையைச் சுடு என்று நான் சொல்வதற்கு நீ எழுதியிருப்பதும் ஒரு காரணம். லிச்சி மரத்துக்கு வலை போட்டால் போதும். மலைக்கு வலை போட முடியாது.

நம் மான் எங்கிருந்து வந்தது? வந்த இடத்தில் இப்போதும் இருக்கிறதா?
– வாசகர், த்ரு தோ தூஸ்

சாவகத்திலிருந்து, அதாவது ஜாவா தீவிலிருந்து. 1639இல் டச்சு ஆளுநர் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். வந்துபோகும் கப்பல்களுக்குப் புதிய இறைச்சி வேண்டும் என்பதுதான் நோக்கம். டச்சுக்காரர்கள் 1710இல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்; மான் தங்கிவிட்டது. உங்கள் ஊருக்கு எதிரே இருக்கும் ஈல் ஓ செர்ஃப் தீவுக்கே மான் தீவு என்று பெயர். இன்று அங்கே மானைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது.

சாவகத்தில்தான் நிலைமை மோசம். சொந்த மண்ணில் அந்த மான் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கிழக்குக் கோடியில் பாலுரான் என்று ஒரு தேசியப் பூங்கா, நல்ல புல்வெளி. 1960களின் முடிவில், காட்டுத்தீ பரவாமல் தடுக்க வரப்பு போல ஒரு மரத்தை நட்டார்கள். என்ன மரம் தெரியுமா? நம் கருவேலம். தமிழ்நாட்டு ஏரிக்கரையில் ஆட்டுக்கு நிழலும் நெற்றும் கொடுத்துக்கொண்டு பேசாமல் நிற்கிற மரம், அங்கே போய்ப் புல்வெளியையே விழுங்கிவிட்டது. மானுக்கு மேய்ச்சல் போயிற்று. கள்ள வேட்டை வேறு. இதே மானை 1870இல் நியூ கலிடோனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நேர்மாறாகப் பெருகி மலைகளை மொட்டையடிக்கிறது. மானைச் சுட்டுக் கீழ்த்தாடையைக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்குப் பரிசுத்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். மேலே தாடையைப் பற்றி நான் எழுதியதைக் கிழவரின் கிறுக்கு என்று நினைத்தவர்கள் கவனிக்க.

மான் கறி வாங்க எந்த மாதம் நல்லது? சென்ற ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் வாங்கினேன். எவ்வளவு மசாலா போட்டும் வாடை போகவில்லை.
– இல்லத்தரசி, போர்ட் லூயி

கிழக் கலைமானை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இணைசேரும் காலத்தில் அதற்கு ஆட்டுக்கிடாவின் மொச்சை வாடை வந்துவிடும். மசாலா ஒன்றும் செய்ய முடியாது. ஜூன் மாதத்தில் இளம் மான் அல்லது பெட்டையின் கறி கேட்டு வாங்குங்கள். நிறம் சற்று வெளிறியும் இழை மெல்லியதாகவும் இருக்கும். இரண்டு மூன்று நாள் குளிரில் தொங்கவிட்டு வெட்டியதா என்று கேளுங்கள்; அன்றே வெட்டிய கறி ரப்பர். குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றிக் கையகலத்துக்கு வெட்டி எறிந்துவிடுங்கள், ஈயத் துணுக்குகள் இருக்கும். புரட்டாசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கறிச் சட்டி கவிழ்ந்துவிடுகிறது. பருவமும் செப்டம்பரோடு முடிகிறது. அதனால் ஆவணிக்குள் ஆசையைத் தீர்த்துக்கொள்வதே முறை.

பருவம் முடிந்த பிறகு யாராவது வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து மலிவாகக் காட்டினால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத கறி பெரும்பாலும் சுருக்கில் மாட்டியது. எத்தனை மணி நேரம் உயிரோடு துடித்துக் கிடந்தது என்று விற்பவருக்கே தெரியாது. வாக்வாக்காரரின் மான் எங்கே போயிற்று என்பதற்கான பதிலில் ஒரு பகுதி அந்த வண்டியில் இருக்கிறது.

நான் ஒரு சாசேயில் காவலராகச் சேர்ந்திருக்கிறேன். உங்களைப் போல ஒரு பேரேடு தொடங்க விரும்புகிறேன் ஐயா. எதையெல்லாம் எழுத வேண்டும்?
– இளைஞர், கேஸ் நொயால்

வாழ்க தம்பி. கடையில் கிடைக்கும் நீளக் கணக்குப் புத்தகம் போதும். கைப்பேசியில் எழுதாதே, கொட்டகையில் உன் கை இருக்கும் நிலையில் திரை நகராது. தேதி, எந்த மிராதோர், கலையா பெட்டையா, குடல் எடுத்த பிறகு எடை, மடியில் பால் உண்டா இல்லையா, சிறுநீரகக் கொழுப்பு நிறையவா கொஞ்சமா இல்லவே இல்லையா, வயிற்றில் கரு இருந்ததா. கொம்பு நீளத்தையும் எழுது, இல்லாவிட்டால் உன்னை வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். சுட்டும் கிடைக்காமல் காயத்தோடு ஓடிய மானைத் தனியாகக் குறித்து வை. அதை எவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் அதுவும் வரம்பில் சேர வேண்டிய தலைதான். பென்சிலால் எழுது, மையை ஈரம் அழித்துவிடும். எடையைத் தராசு முள்ளைப் பார்த்து எழுது, சுட்டவர் சொல்வதைக் கேட்டு எழுதாதே.

முதல் ஆண்டுப் புத்தகம் உனக்கு ஒன்றும் சொல்லாது. மூன்றாம் ஆண்டில் பேசத் தொடங்கும்.

தாடையை அறுத்து, எண் எழுதிய தகட்டைக் கம்பியால் கட்டி, வேகவைத்துச் சதையை எடுத்துவிட்டு வெயிலில் காயப்போடு. அந்த வேகவைக்கிற வேலையைக் கொட்டகைக்குப் பின்னால் விறகடுப்பில், ஒதுக்கி வைத்த பழைய டின்னில் செய். வீட்டு அடுப்பில் அம்மாவின் பெரிய சட்டியை எடுத்து வைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சிட ஆசிரியர் சம்மதிக்க மாட்டார்.